வேறு விரல் வையுங்க

சட்டம் வந்த அன்று குமுளியில் மழை.
வேறொன்றும் நடக்கவில்லை.
ஜெஸ்ஸம்மா மேடம் மட்டும்
தைலக் குப்பிகளைத் துடைத்து, லேபிளை முன்பக்கம் திருப்பி வைத்து,
"ஒச்சம்மா, இனி நமக்கெல்லாம் நம்பர்" என்றார்.

ஆறு மணி ஜீப்பில் கம்பத்திலிருந்து ஏறுகிறோம்,
ஏலத்தோட்டத்துக்குப் பதினொரு பேர்,
உழிச்சலுக்கு நான் ஒருத்தி.
லோயர் கேம்ப் தாண்டினால் மலையில் நான்கு குழாய்கள்.
அந்தத் தண்ணீர்மேல் வழக்கு உண்டு.
இருந்தாலும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது,
படிவம் எதுவும் நிரப்பாமல்.

என் படிவத்தில் பதினேழு கட்டம்.
பயிற்சி பெற்ற இடம்: கோட்டயம், ஓராண்டு.
கதவில் கண்ணாடி உண்டா?
தோணி மரமா, நாரிழையா?
'தொடுதல்' என்பதற்குத் தனிப் பிரிவு:
உள்ளங்கை, விரல், முழங்கை, பாதம் இவற்றால்
தோலின்மேல் தரப்படும் அழுத்தம்.
மூன்று முறை வாசித்தேன்.
சூட்டைப் பற்றி ஒன்றுமே இல்லை.

நன்னடத்தைச் சான்றுக்குக் கம்பம் ஸ்டேஷன்.
ரைட்டர் பேனாவை மூடினார்.
"மசாஜா?"
அந்த ஒற்றைக் கேள்விக்குறிக்குப் பின்னால்
எத்தனை பேர் நின்று சிரிக்கிறார்கள் என்று
எனக்கு எண்ணத் தெரியும்.
தெருவில் ஆஸ்பத்திரி வேலை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.
அன்றைக்கு வெளியே பெஞ்சு வரை கேட்கும்படி சொன்னேன்:
"ஆமா சார், மசாஜ்."

அட்சயா மையத்துப் பையன் என் பெயரைப் படித்துச் சிரித்தான்.
மலையாளத்தில் ஒச்ச என்றால் சத்தம்.
"ஒச்சயில்லாத்த ஒச்சம்மா!"
நல்ல பையன்தான்.
ஒச்சாண்டம்மன் எங்கள் குலசாமி என்று விளக்க
மலையிறங்கித் திரும்ப ஏற வேண்டும், அவ்வளவு தூரம்.
சும்மா இருந்தேன்.

பிறகு கைரேகை.
வலது கட்டைவிரல். சிவப்பு விளக்கு.
ஆட்காட்டி விரல். சிவப்பு.
"வேறு விரல் வையுங்க, சேச்சி."
சேலையில் துடைத்து வைத்தேன்.
சோப்புப் போட்டு வந்து வைத்தேன்.
பத்தும் வைத்தாயிற்று.
பின்னால் வரிசையில் ரேஷன் கார்டுக்காரர்கள் முனகினார்கள்.

பதினாலு வருடம்.
எண்ணெய், நவரக்கிழி, அடுத்தவர் முதுகு.
என் ரேகையில் கொஞ்சம் ஒரு பிரெஞ்சுக்காரியின் இடுப்போடு
கப்பலோ விமானமோ ஏறியிருக்கும்.
கொஞ்சம் மலப்புறத்தில் பந்தாடுகிற ஒரு பெண்ணின் கெண்டைக்காலில்.
மிச்சம் துவாலைகளில், வாளியில், வடிகாலில்.
கைக்குத்தான் லைசென்ஸ்.
இது என் கை என்று சொல்ல
கையிடம் அத்தாட்சி இல்லை.

பையன் வேறு கருவி எடுத்தான்.
கண்ணை அகலத் திறக்கச் சொன்னான்.
கருவிழியைப் படம் பிடித்தது.
பச்சை விளக்கு.

வேலை நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறவள் நான்.
முடிச்சு எங்கே என்று அதற்குத் தெரியாது.
ஒருநாளும் உடன் வேலை பார்க்காத கண்ணின் பேரில்
மூன்றாண்டு அனுமதி வந்து சேர்ந்தது.
சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள்.
நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்,
ஆணி அடித்தவருக்கு அது தெரியாது.
செக்போஸ்ட் வரைக்கும் செல்லுபடியாகும்.

இரவு வடிவு வந்தாள்,
பகலெல்லாம் பன்னீர்த் திராட்சைப் பந்தலடியில்
அண்ணாந்தே நின்ற கழுத்தோடு.
"மேலே இதுக்கு எவ்வளவு வாங்குவாங்க?"
சொன்னேன். நம்பவில்லை.
"போடி, அதுக்கு ரெண்டு ஆடு வாங்கலாம்."

கதவைத் தாழிட்டேன். கண்ணாடி இல்லாத கதவு.
நல்லெண்ணெய் சட்டியில் சுட்டது.
இடது பக்கம், காதுக்குக் கீழே மூன்று விரல் தள்ளி,
இன்னும் கொஞ்சம் உள்ளே.
"அங்கதான்" என்றாள்.
அதற்கு முன்பே நான் கண்ணை மூடியிருந்தேன்.